ஃபார்மட்டைக் கொடுக்காதீர்கள், கேள்விகளைக் கொடுங்கள்: கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கலை அறிவியல், பொறியியல் கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் பொறுப்பில் இருக்கும் அனைவருக்கும், இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

புதிதாகப் பட்டம் பெறுபவர்களின் ரெஸ்யூமேக்களை வாசித்து, யாரை நேர்காணலுக்கு அழைக்கலாம் என்று முடிவுசெய்யும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். மென்பொருள், உற்பத்தி, கட்டுமானம், கணக்கு என்று எங்கள் துறைகள் வேறு வேறு. ஆனால் எங்கள் மேசைக்கு வரும் தாள்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரு கல்லூரியிலிருந்து ஒரு கட்டாக வருபவற்றில் பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று அந்த மாணவர்களாலேயே சொல்ல முடியாது. எல்லாவற்றிலும் ஒரே குறிக்கோள் வரி, ஒரே வரிசை, ஒரே உறுதிமொழி.

இதற்கு மாணவர்களின் சோம்பலைக் காரணம் சொல்ல முடியாது. நிறுவனம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பிளேஸ்மென்ட் செல்லிலிருந்து வாட்ஸ்அப் குழுவுக்கு ரெஸ்யூமே ஃபார்மட் என்று ஒரு வேர்ட் ஃபைல் போகிறது. நாளைக் காலைக்குள் நிரப்பி அனுப்பவும் என்ற செய்தியும் கூடவே போகிறது. மாணவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள்.

அதன் விளைவு என்ன என்பதை எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறோம். தாள்கள் எல்லாம் ஒன்றுபோல இருந்தால் ஆளுக்கு ஆள் வேறுபடுவது மதிப்பெண் மட்டும்தான். எக்செல்லில் சிஜிபிஏ உள்ள பத்தியை வரிசைப்படுத்தி மேலிருந்து ஆட்களை எடுத்துக்கொள்கிறார்கள். 8.9 வைத்திருப்பவருக்கு இதில் இழப்பில்லை. 6.8 வைத்திருக்கும், மாலை நேரத்தில் ஆடிட்டர் அலுவலகத்தில் வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும் பி.காம். மாணவிதான் வெளியே நிற்கிறார். அவரை அடையாளம் காட்ட வேண்டிய தாள் அவரை மறைத்துவிடுகிறது. ஆகவே எங்கள் வேண்டுகோள் ஒன்றே: ஃபார்மட் கொடுப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக மாணவர்களிடம் கேள்வி கேளுங்கள். என்ன கேட்பது, வரும் பதிலை எப்படி எழுத வைப்பது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் நீக்க வேண்டியவை. தாளின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் 'கெரியர் அப்ஜெக்டிவ்'. வளர்ச்சிக்கு வாய்ப்புள்ள நிறுவனத்தில் சவாலான பணியில் சேர்ந்து திறமையை வெளிப்படுத்த விரும்புகிறேன் என்ற வரி எல்லாரிடமும் இருப்பதால் எங்கள் கண் அதைத் தாண்டிவிடுகிறது. முதலில் பார்வை விழும் இடம் வீணாகிறது. அங்கே இரண்டு வரியில் யார், என்ன வேலை தேடுகிறார், எப்போதிலிருந்து வர முடியும் என்பது இருந்தால் போதும்: 'பி.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டு. மருந்து, உணவுத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகப் பணி தேடுகிறேன். டைட்ரேஷன், பிஹெச், ஈரப்பதச் சோதனைகளில் கைப்பழக்கம் உண்டு. ஜூன் முதல் எந்த ஊரிலும் ஷிஃப்டில் வேலை பார்க்க முடியும்.' ரெஸ்யூமே பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகும். பொருள் விளங்குவதற்காகத் தமிழில் காட்டுகிறோம்.

அடுத்து, கடைசியில் வரும் உறுதிமொழி, இடம், தேதி, கையெழுத்து. இது அரசு விண்ணப்பப் படிவங்களின் பழக்கம். நிறுவனங்கள் பணியில் சேரும்போது தங்கள் படிவத்திலேயே உறுதிமொழி வாங்கிக்கொள்கின்றன. அப்பா அம்மா பெயர், மதம், சாதி, திருமண நிலை, கதவு எண் வரையிலான முகவரி ஆகியவையும் வேண்டாம். ஊரும் மாவட்டமும் போதும். ஆதார் எண்ணையோ பான் எண்ணையோ ஒருபோதும் எழுதவிடாதீர்கள். அந்தத் தாள் எத்தனை கன்சல்டன்சிகளின் கணினிகளில் தங்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. போட்டோ கேட்டால் மட்டும் வைக்கலாம்.

நீக்கிய இடத்தில் எதை வைப்பது? இங்கேதான் அனுபவம் எதுவும் இல்லையே என்ற பேச்சு வருகிறது. எங்களுக்கு அது உண்மையாகத் தெரியவில்லை. நேர்காணலில் பத்து நிமிடம் பேசினால் வெளியே வரும் விஷயங்கள் தாளில் இருப்பதில்லை. மூன்று ஆண்டாக வீட்டு மளிகைக் கடையின் கணக்கைப் பார்த்தவர், தீபாவளி சீசனில் ஜவுளிக்கடை பில்லிங்கில் நின்றவர், தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தவர், விடுமுறையில் திருப்பூர் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் பார்த்தவர், உணவு டெலிவரிக்குப் போனவர் என்று எத்தனையோ பேர். ஒருவரும் எழுதவில்லை. கூலி வேலை என்று தெரிந்தால் மதிப்புக் குறையும் என்ற கூச்சம் ஒரு காரணம். ஃபார்மட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை என்பது இன்னொரு காரணம். முதல் பட்டதாரி மாணவர்களிடம் இந்தக் கூச்சம் அதிகம். எழுதத்தக்க வேலையும் அவர்களிடம்தான் அதிகம்.

ஆகவே கேளுங்கள். பள்ளி முடித்ததிலிருந்து இன்றுவரை, சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ என்னென்ன வேலை செய்தாய்? வீட்டுத் தொழில் என்ன, அதில் உன் பொறுப்பில் இருக்கும் பகுதி எது? நீ போகாத நாளில் அங்கே எந்த வேலை நிற்கும்? பணம், இருப்பு, ஆட்கள், இயந்திரம், கணக்குப் புத்தகம், இவற்றில் எதை உன்னை நம்பிக் கொடுத்தார்கள்? ஒரு நாளைக்கு எத்தனை, வாரத்துக்கு எத்தனை? தவறு நடந்தால் எப்படித் தெரியவரும், யார் சரிசெய்வார்? இந்த ஆறு கேள்விக்கும் பதிலைத் தமிழிலேயே, வெள்ளைத் தாளில், வாய்க்கு வந்தபடி எழுதச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் தெரிந்த நான்கு வரிகளுக்குள் பதில் சுருங்கிவிடும்.

இப்படி வரும் பதிலை வரியாக்குவது எளிது. 'அப்பாவுக்குக் கடையில் உதவினேன்' என்றால் எங்களுக்கு எதுவும் தெரியாது. 'குடும்ப மளிகைக் கடை, 2023 ஜூன் முதல்: தினமும் மாலை மூன்று மணி நேரம் கல்லாவைத் தனியாகப் பார்த்தேன், சுமார் 300 பொருள்களின் இருப்பை நோட்டிலிருந்து எக்செல்லுக்கு மாற்றினேன், மொத்த வியாபாரிகளின் பாக்கியை வாரம் ஒருமுறை சரிபார்த்தேன்' என்று இருந்தால் பணம் கையாளுவார், தொடர்ந்து வருவார், கணக்கைத் தானே முறைப்படுத்துவார் என்பது புரிகிறது. பனியன் கம்பெனியில் நின்றவர் ஒரு ஷிஃப்டில் எத்தனை பீஸ் பார்த்தார், தையல் விடுபட்டதா, துளையா, அளவுப் பிசகா, எந்தக் குறை அதிகம் வந்தது, சோதனை எந்த அளவுகோலில் நடந்தது (ஏ.க்யூ.எல். 2.5 போன்ற, குறைகளை எந்த வரம்புவரை ஏற்கலாம் என்று சொல்லும் அளவுகள்) என்று எழுதினால் தரக்கட்டுப்பாட்டுத் துறையில் அதற்கு உடனே மதிப்பு உண்டு. எந்தத் தொழிற்சாலைக்கும் பொருந்தும் மொழி அது.

இரண்டு எச்சரிக்கைகள். கடைப் பையனை 'ஸ்டோர் மேனேஜர்' ஆக்காதீர்கள். செய்த வேலையின் பெயரே நன்றாக இருக்கிறது. குடும்பக் கஷ்டத்தையும் தாளில் எழுத வைக்காதீர்கள். ஏன் வேலைக்குப் போக நேர்ந்தது என்பது மாணவருக்குச் சொந்தமான விஷயம். என்ன செய்தார் என்பதே எங்களுக்குப் போதும்.

அடுத்து இறுதியாண்டு ப்ராஜெக்ட். வேலை அனுபவம் இல்லாதவரின் தாளில் மிகுந்த எடை இதற்குத்தான். ஆனால் பெரும்பாலும் ஒரு தலைப்பும், பாடப்புத்தகத்திலிருந்து எடுத்த முன்னுரையும்தான் இருக்கின்றன. கான்கிரீட்டில் ஃப்ளை ஆஷ் (அனல் மின்நிலையச் சாம்பல்) பயன்பாடு என்று ஒரு சிவில் மாணவர் எழுதுகிறார். அதே வேலையை இப்படி எழுதலாம்: 'எம் 25 கான்கிரீட்டில் சிமெண்டுக்குப் பதிலாக 0, 10, 20, 30 விழுக்காடு ஃப்ளை ஆஷ் சேர்த்து, ஐஎஸ் 10262 முறையில் கலவை வடிவமைத்தோம். 150 மி.மீ. கன சதுரங்கள் 24 வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் அழுத்த வலிமை சோதித்தோம். நான்கு பேர் குழுவில் கலவைக் கணக்கும் 28ஆம் நாள் சோதனையும் என் பொறுப்பு.' நான்கு கலவை, இரண்டு வயது, ஒவ்வொன்றுக்கும் மூன்று மாதிரி என்றால் 24. இந்தக் கணக்கு சரியாக இருப்பதைப் பார்த்ததுமே இவர் ஆய்வகத்தில் நின்றவர் என்று தெரிந்துவிடும். எந்தக் கலவை எவ்வளவு வலிமை தந்தது, 28ஆம் நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டனை எட்டாத கலவை இருந்ததா, இருந்தால் ஏன் என்பதை ஒரு வரியில் சேர்த்தால் நேர்காணலின் முதல் கேள்வியை மாணவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்ததாகிவிடும். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்றாலும் எழுதலாம். காரணம் தெரிந்திருந்தால் அது நல்ல வரி.

கணினி மாணவர்கள் 'மெஷின் லேர்னிங் மூலம் நோய் கண்டறிதல், துல்லியம் 98 விழுக்காடு' என்று எழுதுகிறார்கள். நூறு பேரில் ஐந்து பேருக்கு மட்டுமே நோய் உள்ள தரவில் யாருக்குமே நோய் இல்லை என்று சொல்லும் நிரலுக்கும் 95 விழுக்காடு துல்லியம் வந்துவிடும். நாங்கள் கேட்பது அதைத்தான்: தரவில் எத்தனை வரிசை, எங்கிருந்து எடுத்தது, நோயுள்ளவர்களில் எத்தனை பேரை நிரல் சரியாகப் பிடித்தது? இந்த மூன்றும் தாளிலேயே இருந்தால் துல்லிய எண் 98 ஆக இருக்க வேண்டியதில்லை. நிரலை ஏற்றிப் பகிரும் கிட்ஹப் தளத்தின் இணைப்பு கொடுத்தால் உள்ளே ரீட்மி கோப்பு இருக்க வேண்டும்: இது என்ன செய்கிறது, எப்படி ஓட்டுவது, எது இன்னும் வேலை செய்யவில்லை. கடைசி நாளன்று மொத்தமாக ஏற்றிய ஒரே ஒரு கமிட்டை (மாற்றப் பதிவை) மட்டும் கண்டால் எங்களுக்குச் சந்தேகம் வரும்.

இந்த இடத்தில் பேராசிரியர்களிடம் நேராகப் பேசுகிறோம். ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. தலைப்பு, நிரல், ரிப்போர்ட், பிபிடி எல்லாம் சேர்த்து விலைக்குக் கிடைக்கும். அப்படி வாங்கியது தாளில் ஏறினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அதன்பின் மாணவர் சொல்லும் உண்மையான விஷயத்தையும் நம்புவது கடினமாகிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டவருக்கு ஒரு வழி உண்டு. அதில் ஒரு சிறு பகுதியை, லாகின் பக்கமோ ஒரு சென்சார் இணைப்போ, தானே முதலிலிருந்து எழுதி, தாளில் அந்தப் பகுதியை மட்டும் குறிப்பிடலாம். அதைவிட நல்லது, மூன்று வாரத்தில் தனியாக முடிக்கக்கூடிய ஒரு சின்ன வேலை: துறை நூலகத்தின் புத்தகப் பட்டியலைத் தேடக்கூடியதாக்குவது, விடுதி மெஸ் கணக்கைத் தானாகப் பிரிக்கும் எக்செல் தாள். உண்மையில் பத்துப் பேர் பயன்படுத்தும் சின்ன வேலைக்கு, யாரும் பயன்படுத்தாத பெரிய தலைப்பைவிட எங்களிடம் மதிப்பு அதிகம்.

வணிகவியல் மாணவர்களுக்கு ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஒரு கேள்வித்தாள் ஆய்வு. அதைவிட, ஆடிட்டர் அலுவலகத்திலோ ஏஜென்சியிலோ செய்த இரண்டு மாத வேலை உயர்ந்தது. 'டேலி தெரியும்' என்பது போதாது. 'டேலி பிரைமில் மாதம் சுமார் 150 கொள்முதல் பில்களைப் பதிந்தேன். ஜிஎஸ்டிஆர்-2பி உடன் ஒப்பிட்டு, சப்ளையர் காட்டாத பில்களின் பட்டியலைத் தயாரித்தேன்' என்பது வேலை. மாதாந்திர ஜிஎஸ்டி தாக்கலில், விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்கு அடுத்த மாதம் 11ஆம் தேதி, சப்ளையர்கள் காட்டிய பில்களின் தொகுப்பான 2பி வருவது 14, வரி கட்டும் படிவமான 3பிக்கு 20. இந்தத் தேதிகளின் நெருக்கடியில் உட்கார்ந்தவருக்கு அவை மனப்பாடம். அதனால் இந்த வரியைப் பொய்யாக எழுதவும் முடியாது.

இன்பிளான்ட் ட்ரெயினிங் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து நாள் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்ததை 'இன்டர்ன்ஷிப்' என்று எழுத வைக்காதீர்கள். பார்வையிட்டேன் என்றே எழுதட்டும். ஆனால் அந்த ஐந்து நாளில் ஒருநாளாவது மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கி ஒரு புஷ்ஷின் வெளிவிட்டத்தை 0.01 மி.மீ. வரை அளந்து குறித்திருந்தால் அதைத் தனியே எழுதலாம். தொழிற்சாலைக்கு அனுப்பும் முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்: திரும்பி வரும்போது ஒரு அளவு, ஒரு குறைபாடு, ஒரு இயந்திரத்தின் பெயர் என மூன்றையாவது குறித்துக்கொண்டு வர வேண்டும்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். 6.96 என்றால் 6.96. ஏழு என்று எழுதினால் சரிபார்ப்பில் அது தவறான தகவல் ஆகிவிடும். சிஜிபிஏவை விழுக்காடாக மாற்றச் சொன்னால் உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் முறையை மட்டும் பயன்படுத்தச் சொல்லுங்கள். சிபிஎஸ்இ ஒருகாலத்தில் பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5 பெருக்கலைக் கல்லூரி மதிப்பெண்ணுக்குப் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரியர் நிலுவையில் இருந்தால் மறைக்கக் கூடாது. நிறுவனத்தின் படிவம் எப்படியும் கேட்கும், தாளும் படிவமும் முரண்பட்டால் வாய்ப்பு அத்தோடு போய்விடும். எழுதித் தேர்ச்சி பெற்றுவிட்ட பழைய அரியரைத் தாளில் தானாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லட்டும்.

2021இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களின் நிலை தனி. கொரோனாவால் அந்த ஆண்டு தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கவில்லை. சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கிறது. அவர்கள்தான் 2026இல் மூன்றாண்டுப் பட்டமும் 2027இல் பொறியியல் பட்டமும் முடிக்கும் அணி. நிறுவனத்தின் இணையப் படிவமோ பத்தாம் வகுப்பு விழுக்காட்டை எழுதாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. மாணவர் பயந்துபோய் ஏதோ ஒரு எண்ணைப் போடுகிறார். இதைத் தீர்க்க வேண்டியது நீங்கள். நிறுவனம் வரும் முன்பே ஒரு மின்னஞ்சலில் விளக்கி, எந்த எண்ணைப் போட வேண்டும் என்று எழுத்தில் வாங்கி, எல்லாருக்கும் அனுப்புங்கள். ரெஸ்யூமேயில் 'எஸ்எஸ்எல்சி, 2021, தேர்ச்சி. அவ்வாண்டு பொதுத்தேர்வு இல்லை' என்று ஒரு வரி போதும்.

சான்றிதழ்கள் குவிவதும் ஒரு சிக்கல். ஒருநாள் வெபினாரின் இ-சர்டிபிகேட்டை எங்களில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டமான என்பிடெல் வேறு. அதில் அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஆகவே பாடத்தின் பெயர், எத்தனை வாரம், மாதம், ஆண்டு, மதிப்பெண் என்று முழுதாக எழுத வேண்டும். 60க்கு மேல் எலைட், 75க்கு மேல் வெள்ளி, 90க்கு மேல் தங்கம் என்பது எங்களுக்குத் தெரியும். தமிழ்நாடு அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் 2022 மார்ச்சில் தொடங்கியதிலிருந்து வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தை முடித்து ஒரே சான்றிதழோடு வருகிறது. அதனால் சான்றிதழின் பெயரை எழுதி நிறுத்தாமல் அந்தப் பாடத்தின் இறுதியில் மாணவர் எதைச் செய்து காட்டினார் என்பதை எழுதச் சொல்லுங்கள். யாரும் மதிக்காமல் விட்டுவிடும் ஒன்றும் உண்டு: டைப்ரைட்டிங். அரசுத் தேர்வில் ஆங்கிலம் ஜூனியர் நிமிடத்துக்கு 30 சொல், சீனியர் 45. பேக் ஆபீஸ், டேட்டா என்ட்ரி, சட்ட அலுவலகம் தேடுபவருக்கு இது மேல் பாதியில் வர வேண்டிய தகுதி. நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் முடித்தவர் அந்த எண்ணையும், ஏழு நாள் முகாமில் தன் பொறுப்பையும் எழுதட்டும்.

திறன்கள் பகுதிக்கு ஒரே விதி வைத்துக்கொள்ளலாம்: அங்கே எழுதும் ஒவ்வொரு சொல்லும் தாளில் வேறு எங்காவது ஒரு வேலையில் பயன்பட்டிருக்க வேண்டும். எம்.எஸ். ஆபீஸ் என்று எழுதுவதைவிட எக்செல்லில் விலுக்அப், பிவட் டேபிள் என்று எழுதி, கடைக் கணக்கிலோ ப்ராஜெக்ட்டிலோ அது எங்கே வந்தது என்று காட்டுவது மேல். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் என்று போடும் படங்கள் வேண்டாம்; யார் கொடுத்த நட்சத்திரம் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. நிறுவனம் ஜாவா கேட்கிறது என்பதற்காக எல்லார் தாளிலும் ஜாவாவைச் சேர்க்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். எழுதத் தெரியாத மொழியில் கேள்வி வரும்போது அந்த அறையில் உட்கார்ந்திருப்பது மாணவர், நீங்கள் அல்ல. மொழிகள் பகுதியில் தமிழை விட்டுவிடுகிறார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசுபவர்கள் அதையும் எழுதுவதில்லை. ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைக்கும் வாடிக்கையாளர் சேவைக்கும் ஆள் எடுக்கும்போது அதற்கு நேரடி மதிப்பு இருக்கிறது. பேச, படிக்க, எழுத என்று பிரித்துக் குறிக்கலாம்.

பெயரில் தொடங்கும் சிக்கல் நம் ஊருக்கே உரியது. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயர் கடைசிப் பெயராக. நிறுவனத்தின் இணையதளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பியவரின் சான்றுச் சரிபார்ப்பு பணியில் சேரும் நேரத்தில் இழுபடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே ரெஸ்யூமேயில் எழுதுவது பாதுகாப்பு. ஆதாரிலும் பானிலும் வேறுபாடு இருந்தால் அதைத் திருத்த முதலாண்டிலேயே சொல்லுங்கள்.

தாளின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ4 அளவில் ஒரே பக்கம், நான்கு ஓரங்களிலும் 2 செ.மீ. இடைவெளி, எழுத்து 10.5 அல்லது 11, பெயர் மட்டும் 16. ஆனால் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் பலரை வீழ்த்துகிறது. பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமேயை மனிதருக்கு முன் மென்பொருள் வாசிக்கிறது. அது எழுத்துகளை மட்டும் வரிசையாக எடுத்துக்கொள்ளும். இரண்டு பத்தி வடிவமைப்பில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்துபோகலாம். டெக்ஸ்ட் பாக்ஸிலும் ஹெட்டரிலும் வைத்த தொலைபேசி எண் விடுபட்டுப்போகலாம். பிரிண்ட் எடுத்து, போனில் ஸ்கேன் செய்து அனுப்பிய பிடிஎஃப் அதற்கு வெறும் படம். சோதிக்க ஒரு நிமிடம் போதும்: பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டிப் பார்க்க வேண்டும். அங்கே பெயர், எண், கல்வி, ப்ராஜெக்ட் எல்லாம் வரிசையாக வாசிக்க முடிந்தால் பெரும்பாலும் மென்பொருளுக்கும் முடியும். கோப்பின் பெயரில் மாணவரின் பெயரும் பட்டமும் இருக்கட்டும். 'நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2' என்ற பெயரில் வருபவற்றைத் தேடி எடுப்பது கடினம். இரண்டு தொலைபேசி எண்கள் கொடுக்கச் சொல்லுங்கள். ரீசார்ஜ் முடிந்து இன்கமிங் நின்ற எண்ணுக்கு நாங்கள் மறுநாள் மீண்டும் அழைப்பதில்லை.

போலி அனுபவம் விற்பவர்களைப் பற்றிக் கடைசி செமஸ்டரில் ஒருமுறையாவது வெளிப்படையாகப் பேசுங்கள். இரண்டு ஆண்டு அனுபவச் சான்றிதழும் சம்பளச் சீட்டும் தருகிறோம் என்று பணம் வாங்குபவர்கள் மாணவர்களைத் தேடி வருகிறார்கள். சரிபார்ப்பு நிறுவனங்கள் வருங்கால வைப்பு நிதியின் பணி வரலாற்றையும் வருமான வரிப் பிடித்த விவரங்களையும் கேட்டு வாங்குகின்றன. பிடித்தம் எதுவும் இல்லாத இரண்டு ஆண்டு அங்கே பளிச்சென்று தெரியும். சேர்ந்து பல மாதம் ஆன பிறகும் இதனால் வேலை போகிறது. அதன்பின் அடுத்த நிறுவனத்திடம் அந்த மாதங்களுக்கும் விளக்கம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் எப்போது செய்வது? நிறுவனம் வரும் வாரத்தில் செய்தால் எதுவும் நடக்காது. மூன்றாண்டுப் படிப்பில் நான்காவது செமஸ்டர், பொறியியலில் ஆறாவது செமஸ்டர். அதற்குப் பின் ஒரு கோடை விடுமுறை இருக்கிறது. தாளில் எது காலியாக இருக்கிறது என்று அப்போது தெரிந்தால் அந்த விடுமுறையில் ஒரு வேலையோ ஒரு சின்ன ப்ராஜெக்ட்டோ செய்து நிரப்ப முடியும். இரண்டு மணி நேர அமர்வு போதும். முதல் மணியில் மேலே சொன்ன கேள்விகளுக்குத் தமிழில் பதில். அடுத்த அரை மணியில் அவற்றிலிருந்து ஆறு முதல் எட்டு வரிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் செய்த செயலில் தொடங்கும் ஆங்கில வரியாக மாற்றுவது. மீதி அரை மணியில் இருவர் இருவராகத் தாளை மாற்றிக்கொண்டு எதிரில் இருப்பவரிடம் எத்தனை, எப்படி, அதில் உன் பங்கு எது என்று கேட்பது. பதில் சொல்ல முடியாத வரியை அங்கேயே அடித்துவிடலாம். ஆங்கிலத் துறையின் உதவியைக் காலப் பிழையையும் எழுத்துப் பிழையையும் திருத்த மட்டும் கேளுங்கள். எளிய சொல்லை எடுத்துவிட்டுக் கனமான சொல்லைப் போட்டால், மாணவர் பேசும் ஆங்கிலத்துக்கும் தாளின் ஆங்கிலத்துக்கும் இடையே உள்ள இடைவெளி எங்களுக்கு உறுத்தும்.

எங்களுக்கு அனுப்பும்போது எல்லாருடையதையும் ஒரே பிடிஎஃப்பாக ஒட்டி அனுப்பாமல் தனித்தனிக் கோப்புகளாக அனுப்புங்கள். மாணவரின் தாளில் நீங்கள் ஏதாவது திருத்தினால் அவருக்குச் சொல்லிவிட்டுத் திருத்துங்கள். கேம்பஸில் இடம் கிடைக்காமல் வெளியே போகிறவர்களே பல கல்லூரிகளில் பெரும்பான்மை. அவர்களில் பலரிடம் திருத்தக்கூடிய வேர்ட் கோப்பு இருப்பதில்லை. படிப்பு முடிந்ததும் கல்லூரி மின்னஞ்சலும் முடக்கப்பட்டால், தாளில் உள்ள முகவரிக்கு நாங்கள் அனுப்பும் அழைப்பு யாருக்கும் போய்ச் சேராது. அதனால் கடைசித் தேர்வுக்கு முன் ஒருநாள் ஒதுக்கி, எல்லாரும் தாளில் சொந்த மின்னஞ்சல் முகவரியைப் போட்டு, வேர்ட் கோப்பையும் பிடிஎஃப்பையும் அதே முகவரிக்கு அனுப்பிவைத்திருக்கிறார்களா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

அன்புடன்,
ரெஸ்யூமே வாசிக்கும் பணியில் இருக்கும் நாங்கள் சிலர்